பேறு முதல் பிரிவு வரை டூலா துணை: எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டூலாவாகத் துணை இருந்து வருகிறேன். பிள்ளை பிறக்கும் வீட்டுக்கும் போகிறேன், உயிர் பிரியப்போகும் வீட்டுக்கும் போகிறேன். கோயில் வாசலில், கிளினிக் வரிசையில், சந்தையில் மீன் வாங்கும்போதுகூட இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

டூலாவா? அப்படின்னா என்ன? பேரே வாயில நுழையலையே.

கிரேக்க மொழியில் பணிவிடை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பெயர். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்ற பொருளில் 1970களில் அதைப் பரப்பியவர் டேனா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர். தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். பிள்ளையைத் தாய் பார்க்கிறாள், அந்தத் தாயை யார் பார்ப்பது என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

இன்று அந்தச் சொல் பிரசவத்தைத் தாண்டிவிட்டது. கரு கலைந்த வீடு, கடைசிக் காலத்தில் படுத்திருப்பவரின் வீடு என்று, ஒருவர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குக் கடக்கும் நேரத்தில் மருத்துவம் சாராத துணையாக இருப்பவர் டூலா. எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் என்னைக் 'கூட இருக்கிற பொண்ணு' என்றுதான் சொல்வார். அதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்லத் தெரியாது.

அப்போ நீங்க மருத்துவச்சிதானே? பேரைத்தான் மாத்தி வச்சிருக்காங்களா?

இல்லை. நம் நாட்டில் 1966ஆம் ஆண்டிலிருந்து மருத்துவச்சிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவர்தான் பிரசவம் பார்க்கலாம். நான் இரத்த அழுத்தம் பார்க்க மாட்டேன். வயிற்றைத் தொட்டுக் குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை கொடுக்கவும் மாட்டேன், நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். கர்ப்பப் பரிசோதனையைக் குறித்துவைக்கும் பிங்க் புத்தகத்தில் மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) எழுதிய எண்ணைக் காட்டி "இது பரவாயில்லையாக்கா?" என்று கேட்டால், அந்த மிஸ்ஸியையே கேட்கச் சொல்வேன். வேண்டுமானால் கூட வருவேன்.

ஆனால் சில அடையாளங்கள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றில் குழந்தை அசைவது குறைவது, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனையும் அளவு இரத்தம் போவது, காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் ஆறுதல் பேச்செல்லாம் அப்புறம்தான். காரை எடுக்கச் சொல்வேன், அல்லது 999க்கு அழைப்பேன்.

இதைத்தானே நம்ம பாட்டிங்க எல்லாம் சும்மா செஞ்சாங்க? இதுக்கு எதுக்கு தனியா ஒருத்தர்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

நான் ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீட்டில் வளர்ந்தவள். விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும். கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அம்மாக்கள் பால்மரக் காட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். ஒருத்திக்கு வலி எடுத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். யாரும் அழைப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஒருத்தி அடுப்பை மூட்டுவாள், ஒருத்தி மூத்த பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போவாள், ஒருத்தி தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரைக் கூப்பிட ஓடுவாள். சாவு விழுந்தாலும் அப்படித்தான். இரவு முழுக்க ஒப்பாரி வைக்க ஆள் இருந்தது, விடியும்போது அழுதவர்களுக்குக் கோப்பி கலக்கவும் ஆள் இருந்தது.

அந்த லயங்கள் கலைந்துவிட்டன. 1950களின் கடைசியில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தபோது, அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதனால் பல குடும்பங்கள் இருந்த இடத்திலேயே நிலைத்தன. ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பால் வெட்டுக்கு வேண்டிய அளவு கைகள் செம்பனைக்கு வேண்டியிருக்கவில்லை. சனம் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனது. மகள் பினாங்கில் தொழிற்சாலை வேலை, மருமகன் சிங்கப்பூரில். இப்போது கல் சுவர். அந்தப் பக்கம் ஒருத்தி அழுதாலும் இந்தப் பக்கம் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய துணையை நான் கைகூப்பி வணங்குகிறேன், ஆனால் அதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். "நாங்கல்லாம் பெக்கலையா, எதுக்குக் கத்துற?" என்ற அதட்டலும் அதே வாயில்தான் வந்தது. கணவனை இழந்தவளை வளைகாப்புக்கு அழைக்காமல் விட்டதும் அதே கூட்டம்தான். வீட்டுக்குள் பார்த்தது மறுநாள் பெரட்டில் பேச்சாகிவிடும். டூலா வேலையில் நாங்கள் புதிதாகச் சேர்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. கூட இரு, ஆனால் அதட்டாதே, எடைபோடாதே, வெளியே சொல்லாதே, அவள் முடிவை உன் கையில் எடுத்துக்கொள்ளாதே. இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம்.

சும்மா கூட இருந்தா என்ன ஆகப்போகுது? வலி குறைஞ்சிடுமா?

ஊசி போட்டாற்போலக் குறையாது. ஆனால் பயந்த உடம்பில் வலி கூடும், தனிமை பயத்தைக் கூட்டும். குவாத்தமாலாவில் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற மருத்துவர்களும் அவர்கள் குழுவினரும் இதைச் சோதித்து 1980இல் வெளியிட்டார்கள். பிரசவ வலியில் இருந்தவர்களின் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணை உட்கார வைத்தார்கள். கையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது, பேசுவது, அவ்வளவுதான். அந்தத் துணை கிடைத்தவர்களுக்குப் பிரசவம் சீக்கிரம் முடிந்தது, சிக்கலும் குறைந்தது.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வு 26 ஆய்வுகளை, 15,000க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடியது, ஆபரேஷன் குறைந்தது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்கியது. பெண் விரும்பும் ஒருவர் பிரசவத்தில் கூட இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது. இதையெல்லாம் வைத்து உங்களுக்கு இப்படித்தான் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிக் கொடுக்கும் டூலாவை நம்பவும் வேண்டாம்.

லேபர் ரூமுக்குள்ள உங்களை விடுவாங்களா?

பெரும்பாலும் விடுவதில்லை. ஒருவருக்கு மட்டும் இடம் கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு, கணவரை மட்டும் விடுவதும் உண்டு. பதிவு செய்யப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விதியில் இடம் இல்லை என்றால் இல்லைதான். மிஸ்ஸியோடு நான் சண்டை போட்டால் அதன் பலன் உள்ளே படுத்திருப்பவள்மேல்தான் விழும்.

எங்கள் ஊரிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் காரில் பின்சீட்டில் கூட இருப்பதும் வேலைதான். வெளியே நிற்கும் அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பதும் வேலைதான். அதற்கு முன்னால் எட்டாம் மாதத்திலேயே கணவரை உட்கார வைத்து இடுப்பில் எங்கே அழுத்த வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் இருக்காரே. அவர் எடத்தை நீங்க எடுத்துக்குவீங்களா?

மாட்டேன். அவர் தைரியமாக நிற்க நான் பக்கத்தில் நிற்பேன். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 98 நாள், தந்தைக்கும் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தந்தை அதே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும். இது தெரியாமல் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்குங்கள்.

நான் வலி தாங்காம முதுகுல ஊசி கேட்டா கோவிச்சுக்குவீங்களா? டூலான்னாலே இயற்கைப் பிரசவம்தானாமே?

கோபம் எதற்கு? ஊசி கேட்டால் அதைச் சத்தமாகக் கேட்க உதவுவேன். ஆபரேஷன் ஆனாலும், பால் புட்டியில் கொடுத்தாலும், என் துணையில் ஒரு குண்டுமணி குறையாது. எனக்குள் எனக்கென்று விருப்பங்கள் இருக்கலாம். உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

முடிவு யாருடைய உடம்போ, யாருடைய உயிரோ, அவருடையது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் வேர், அங்கே மறுபடி விளக்க மாட்டேன்.

மாமியார் பொறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கணுங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க யார் பக்கம்?

பக்கம் சேர்வது என் வேலை இல்லை, ஆனால் உண்மையை மறைப்பதும் என் வேலை இல்லை. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து. இதை மருமகள் சொன்னால் சண்டை ஆகும், நான் சொன்னால் 'நேத்து வந்தவ' ஆவேன். அதனால் வீட்டுக்குப் பார்க்க வரும் கிளினிக் மிஸ்ஸியிடம் மாமியார் இருக்கும்போதே கேட்கச் சொல்வேன். ஒரு வீட்டில் அந்தப் பாட்டி தேனைப் பிள்ளையின் தொட்டில் கட்டையில் தொட்டு வைத்துக் கும்பிட்டார். எல்லாருக்கும் நிம்மதி.

பத்தியக் குழம்பு, காயம் என்ற பிரசவ மருந்து, வெந்நீர்க் குளியல் எல்லாம் வேறு கதை. பூண்டும் மிளகும் போட்டு ஒருத்தி உங்களுக்காகவே ஆக்கிக் கொடுப்பதில் பாசம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் லேகியம் தொடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். அப்புறம், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் வேண்டும்.

எனக்கு நாலாம் மாசமே கலைஞ்சு போச்சு. புள்ளையே இல்லை. இதுக்கெல்லாமா உங்களைக் கூப்பிடறது?

கூப்பிடுங்கள். இதற்குத்தான் முதலில் கூப்பிட வேண்டும். பிறந்த வீட்டுக்கு ஊரே வரும், இந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். வருபவர்களும் "சின்ன வயசுதானே, அடுத்தது வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போனது இந்தப் பிள்ளை, அடுத்தது இல்லையே. நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். காரணமும் தேட மாட்டேன், எதைச் சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று கேட்க மாட்டேன்.

நாலாம் மாதத்துக்குப் பின் சிலருக்குப் பால் கட்டும். பிள்ளை இல்லாத மார்பில் பால் வருவதை யாரும் அந்தப் பெண்ணிடம் முன்னதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுவேன். இப்படிப்பட்ட வீட்டில் நான் பணம் வாங்குவதில்லை.

அப்பாவுக்குக் கடைசி ஸ்டேஜுன்னு சொல்லிட்டாங்க. சாவுக்கும் டூலா உண்டா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.

உண்டு. வலி மருந்தும் சிகிச்சையும் நோய்த்தணிப்புக் குழுவின் பொறுப்பு. கோலாலம்பூரில் 1991இலிருந்து ஹோஸ்பிஸ் மலேசியா வீடு தேடிப் போய் அந்த வேலையைச் செய்கிறது, நம் பக்கத்தில் எங்கே கேட்பது என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். அவர்கள் வந்து போன பிறகு மிச்சமிருக்கும் இருபது சொச்சம் மணி நேரத்தில்தான் எனக்கு வேலை. அம்மா தூங்கட்டும் என்று இரவில் உட்காருவேன். அப்பா தன் பால்வெட்டுக் காலத்தைப் பற்றிப் பேச விரும்பினால் கேட்பேன். மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், கைகால் குளிரும் என்று வீட்டாருக்கு முன்னதாகச் சொல்லி வைப்பேன்.

எல்லா வீட்டிலும் ஒரு வேதனை உண்டு: "சாப்பிடவே மாட்டேங்கிறார், பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு ஆயிடுமே." அடங்கிக்கொண்டிருக்கும் உடம்பு சோறு கேட்பதில்லை. திணித்தால் புரையேறும். பால் ஊற்றுவதும் இப்படித்தான். மகனும் மகளும் கடைசியாக ஒரு வாய் பால் ஊற்றாமல் விட்டால் ஆயுசுக்கும் மனசு ஆறாது, எனக்குத் தெரியும். விழுங்க முடியாதவர் வாயில் கரண்டியால் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குப் போகும். அதனால் பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்வேன். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் ஒற்றுவார்கள். பேரப்பிள்ளைகூட ஒற்றும். காதில் விழுகிறது என்று நினைத்தே அவரிடம் பேசுங்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால் அடக்க பெர்மிட் எடுக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் ஒரே பையில் இருக்கட்டும். அழுகிற நேரத்தில் அலமாரியைத் துழாவ வேண்டாம்.

அப்பாகிட்ட என்ன நோய்னு சொல்லிடாதீங்க. சரியா?

நானாகச் சொல்ல மாட்டேன். நோயைச் சொல்வது டாக்டரும் குடும்பமும் செய்ய வேண்டியது. ஆனால் அவரே என் கையைப் பிடித்து "நான் பொழைக்க மாட்டேன்ல?" என்று கேட்டால், "நல்லாயிடுவீங்க" என்று பொய் சொல்லவும் மாட்டேன். "எதுனால அப்படி நினைக்கிறீங்க, அப்பா?" என்று கேட்பேன். அவர் பேசியதை அவர் அனுமதியோடு உங்களிடம் சொல்வேன். இதை முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் என்னைக் கூப்பிடாமல் இருக்கலாம், மனம் வருந்த மாட்டேன்.

பெரும்பாலான அப்பாக்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவர்கள் மறைக்கிறார்கள், அவர் தாங்க மாட்டார் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

அப்பா உயில்ல கைநாட்டு வைக்கப்போறார். நீங்க வெளியாள்தானே, சாட்சிக் கையெழுத்து போடுறீங்களா?

போட மாட்டேன். 1959 உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவராக நான் இருக்க மாட்டேன். வீடு, நிலம், நகை பற்றிய பேச்சு வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

சின்ன ஊரு. எங்க வீட்டு விஷயம் வெளிய போயிடாதே?

போகாது. யார் வீட்டுக்குப் போகிறேன் என்பதையே நான் சொல்வதில்லை. கோயிலில் பார்த்தால் நீங்கள் முதலில் பேசினால்தான் நானும் பேசுவேன். படம் எடுக்க மாட்டேன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட மாட்டேன். இந்தப் பக்கத்தில் வரும் வீடுகளும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவைதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் வாய் மூடியிருக்க மாட்டேன். பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உள்ளது. அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது "நான் இல்லாம இருந்தா நல்லது" என்ற பேச்சு வந்தால், கிளினிக்குக் கூட்டிப் போவேன். வீட்டில் அடி உதை என்றால் 'தாலியான் காசிஹ்' என்ற அரசாங்க உதவி எண் 15999ஐ அந்தப் பெண்ணிடம் கொடுப்பேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி.

நாங்க கிறிஸ்துவங்க. நீங்க திருநீறு பூசுறீங்க. ஒத்துவருமா?

வரும். உங்கள் வீட்டில் ஜெபமாலை சொன்னால் தலை தாழ்த்தி உட்காருவேன். தீட்டுப் பார்க்கும் வீட்டில் எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நிற்பேன். சாமியே வேண்டாம் என்பவர் வீட்டில் சாமி பேச்சே எடுக்க மாட்டேன்.

எவ்வளவு வாங்குவீங்க?

முதல் சந்திப்பிலேயே சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவேன். வலி நேரத்திலோ துக்க நேரத்திலோ தொகை மாறாது. முடியாதவர்கள் முடிந்ததைத் தரலாம். எண்ணெய், லேகியம், இடுப்புக் கட்டு எதையும் நான் விற்பதில்லை, எந்தக் கடையிடமும் கமிஷன் வாங்குவதில்லை. விற்க ஆரம்பித்தால் நான் சொல்லும் எதை நீங்கள் நம்புவது?

நீங்க தப்பே பண்ணதில்லையா?

பண்ணியிருக்கிறேன். தலைச்சன் பிள்ளைக்காரி ஒருத்தி, அதிகம் பேசாதவள். பரிசோதனைக்குக் கூடப் போயிருந்தேன். வலி எப்படி இருக்கிறது என்று மிஸ்ஸி கேட்டார். அவள் தயங்கினாள், நான் பதில் சொன்னேன். தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலவரம், எல்லாவற்றுக்கும் நானே. உதவுகிறேன் என்றுதான் நினைத்தேன். வரும் வழியில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பேச வாய் இருந்துச்சுக்கா, கொஞ்சம் நேரம்தான் வேணும்" என்றாள்.

அன்று மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு, கேள்வி அவரிடம் கேட்கப்பட்டால் எவ்வளவு நேரமானாலும் நான் காத்திருக்கிறேன். மலாய் மொழி தடையாக இருந்தால் அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்ப்பேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

எத்தனை நாள் வருவீங்க? பழகிட்டா விடமாட்டேனே.

பிரசவ வீட்டுக்குப் பொதுவாக முப்பதாம் நாள் வரை, துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாள் படையல் முடிந்து ஓரிரு வாரம். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா, சின்னம்மா, தேவாலயத்து ஆட்கள் என்று உங்களைச் சுற்றி யாரெல்லாம் வரக்கூடும் என்று சேர்ந்தே பார்ப்போம். வருகையை மெல்ல மெல்லக் குறைப்பேன்.

போன மாதம் ஒரு தாமானில் கடைசித் தடவையாகப் போனேன். முதல் வாரம் என் கையை விடாமல் அழுத பெண் வாசலில் துண்டோடு நின்றாள். "அக்கா, இன்னிக்கு நேரமே இல்லை, பிள்ளையைக் குளிப்பாட்டணும், பக்கத்து வீட்டு ஆச்சி வேற வந்திருக்காங்க" என்றாள். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும் பிள்ளையின் அழுகையும் கேட்டது. நான் வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.